கொக்கு தாண்டிப் போகும் போர்டு

10 ஆகஸ்ட் 1987, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாக அவருடைய சட்டையை வாளியில் ஊறப்போட்டேன். வெந்நீர், இரண்டு பிடி சோப்புத் தூள். அப்படியும் தின்னர் வாசனை போகவில்லை. மூக்கில் ஏறித் தலையை வலிக்கிறது. கேட்டால் “மெஷின் துடைச்சேன்” என்கிறார். மெஷினைத் துடைக்கிறாரா, அதன் மேல் படுத்து உருளுகிறாரா? ஐந்தரைக்கே கிளம்பிப் போய்விட்டார். இப்போதெல்லாம் அவர்தான் வெள்ளனே போய் மெஷின் ரூமைத் திறக்கிறார்.

இருளாயி இன்று வேலைக்குச் சேர்ந்தாள். பூண்டிக்காரப் பெண். கேரட் கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கிறது. அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை வீரம்மாவிடம் விட்டேன். சர்க்யூட் போர்டு பரிசோதனை மேசைகளில் என்னிடம் இருக்கும் ஏழு பெண்களில் வீரம்மாவின் கண்தான் கூர்மை. வாய் அதைவிடக் கூர்மை.

“இந்தா புள்ள, லென்சு வழியா பாரு. ஒரு ஷீட்டுல ஆறு போர்டு இருக்கா? செம்புக் கோடு எங்கனயாச்சும் அறுந்திருக்கா, மயிரு மாதிரி வெடிப்பு ஓடுதான்னு பாரு. இருந்தா அந்த போர்டு மூலையில வெள்ளப் பெயின்டுல ஒரு பொட்டு. அம்புட்டுத்தான். உள்ள ஒரு கொக்கு நிக்கிது. அது மொதல்ல ஆறு மூலையையும் பாக்கும். பொட்டு இருக்குற வூட்டுக்குள்ள காலு வைக்காது. மத்த வூட்டுல மட்டும் சாமானக் கொத்திக் கொத்தி வைக்கும்.”

கொக்கு என்று அவள்தான் பெயர் வைத்தாள். ஜப்பான் மெஷின். உறிஞ்சுகுழாய் மூக்கால் மிளகளவு உதிரிச் சாமான்களை எடுத்து எடுத்து போர்டில் வைக்கும்போது கொக்கு மீன் பிடிப்பது போலவே இருக்கும். போன வருஷம் அது மலையேறி வந்த நாளிலிருந்து கம்பெனியில் எல்லாருக்கும் அது கொக்குதான். என் கணவர் ஞானவேல் அந்தக் கொக்குக்குப் பொறுப்பாளர்.

வீரம்மா கடைசியாக ஒன்று சொன்னாள்: “நம்ம நெத்தியில பொட்டு வச்சா லெட்சணம். இதுக்கு வச்சா தள்ளுபடி. எல்லாம் தலகீழு இந்தக் கம்பெனியில.”

சிரித்தோம். இந்த மாதம் சிரித்தது அது ஒன்றுதான்.

13 ஆகஸ்ட், வியாழன்

மேனேஜர் நாச்சிமுத்து என் மேசைப் பக்கம் வந்து நின்றார். “பொட்டு ரொம்ப ஜாஸ்தியா விழுகுதுங்க தமயந்தி. கொஞ்சம் கைய அடக்கச் சொல்லுங்க.”

போர்டு கெட்டு வந்தால் பொட்டு விழத்தானே செய்யும்? வெறும் போர்டை அனுப்புகிற கோயம்புத்தூர்க்காரனைப் போய் அடக்கச் சொல்ல வேண்டியதுதானே! அவன் இவருடைய மச்சினன். அதனால் சொல்ல மாட்டார். இதை நான் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். பெரிய வீரம்.

24 ஆகஸ்ட், திங்கள்

வாசலில் ஒருவர் நிற்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். போனேன். கையில் முருங்கைக்காய்க் கட்டு, தோளில் துண்டு. மலைக் குளிருக்குப் போர்த்த ஒன்றுமில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தார். பெயர் சோலைமலை. கன்னிவாடி.

“இங்கதானம்மா காது மிசினு செய்யிறீக? டப்பாவுல கொடைக்கானல்னு போட்டிருக்குன்னு பஸ் கண்டக்டரு படிச்சுச் சொன்னாரு.”

இங்கேதான் என்றேன். நாங்கள் மேசையில் பார்ப்பது அந்தக் காதுக் கருவிக்கு உள்ளே இருக்கும் போர்டு.

“எம்மக வள்ளிக்கு எட்டு வயசு. பொறந்ததுலருந்து காது மந்தம். திண்டுக்கல்லு காது முகாம்ல இதக் குடுத்தாக. மொத நா மாட்டிவிட்டப்ப ஆட்டுக்குட்டி கத்துறதக் கேட்டுட்டு அழுதுருச்சுங்க. இப்ப என்னன்னா, சட்டப் பையில வச்சு அமுக்கிப் பிடிச்சாத்தான் கேக்குது. கைய எடுத்தா ஊமையாயிருது. பள்ளிக்கூடத்துல எந்நேரமும் நெஞ்சுல கைய வச்சு அமுக்கிக்கிட்டே ஒக்காந்திருக்கா. வாத்தியாரு கைய எடு கைய எடுங்கிறாரு. எடுத்தா அவரு சொல்லுறது எப்படிங்க கேக்கும்? சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்கிறான்னு அடிச்சுப்புட்டாரு.”

உள்ளே போய், நானே லென்ஸில் பார்த்து, நானே சோதித்த போர்டு உள்ள கருவி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். பழையதை வாங்கி வைத்துக்கொண்டேன். முருங்கைக்காய்க் கட்டை என் கையில் திணித்துவிட்டுத்தான் போனார்.

25 ஆகஸ்ட், செவ்வாய்

வள்ளியின் கருவியைத் திறந்தேன். செம்புக் கோட்டின் குறுக்கே வெடிப்பு. லென்ஸ்கூட வேண்டியதில்லை, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாலே தெரிகிறது. அமுக்கினால் ஒட்டிக்கொள்கிறது, விட்டால் பிரிகிறது. பொட்டு விழுந்திருக்க வேண்டிய போர்டு. கொக்கு தாண்டிப் போயிருக்க வேண்டிய போர்டு. ஆனால் எல்லாச் சாமானும் வரிசையாக, அழகாக உட்கார்ந்திருக்கிறது.

மூலையில் பொட்டு இல்லை. அந்த இடத்தில் மட்டும் பச்சைப் பூச்சு மினுக்கம் போய் மங்கியிருந்தது. சூட்டில் மங்கியிருக்கும்.

எந்த மேசையில் பார்த்தது என்பதற்குப் பின்புறத்தில் ஓர் எண் இருக்கும். பார்த்தேன். வீரம்மாவின் மேசை.

அவளா? இதையா தவறவிட்டாள்? நம்ப முடியவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. நாள் முழுக்க அவளிடம் சரியாகப் பேசவில்லை.

2 செப்டம்பர், புதன்

திண்டுக்கல் முகாமிலிருந்து ஒரு சாக்குப் பை வந்து இறங்கியிருக்கிறது. எல்லாம் கேட்காத கருவிகள். எல்லாம் வெடிப்பு. வேறு மேசைகளின் எண்களும் இருந்தாலும் அதிகம் வீரம்மாவுடையவை. அதிகம் பார்ப்பவளே அவள்தானே! இதை நான் சொன்னேன். யார் காதில் விழுந்தது?

மேனேஜர் அறையில் வீரம்மா நின்றாள். நானும் என் கணவரும் உட்கார்ந்திருந்தோம்.

நாச்சிமுத்து சொன்னார்: “மெஷின் ஜப்பான்காரன் செஞ்சதுங்க. பொட்டு இருந்தா தாண்டும், இல்லாட்டி வைக்கும். அதுக்குத் தூக்கம், கோவம், ஊட்டுப் பிரச்சினை ஒண்ணும் கெடையாது. மனுசங்களுக்குத்தான் அதெல்லாம்.”

“நான் பொட்டு வச்சேங்க” என்றாள் வீரம்மா. “வச்ச பொட்டு எங்க போச்சுன்னு என்னையக் கேட்டா?”

அப்போது என் கணவர், தொண்டையைச் செருமிக்கொண்டு: “வச்சிருக்கலாம் சார். பெயின்டைத் தண்ணியாக் கரைச்சு மெல்லிசா வச்சா சென்சாருக்குத் தெரியாமப் போக வாய்ப்பிருக்கு.”

“பாத்தீங்களா? அசால்ட்டு!” என்று நாச்சிமுத்து மேசையைத் தட்டினார்.

மெல்லிய பொட்டு ஒன்றை வைத்து மெஷினில் ஓட்டிப் பார்த்துவிடலாமே என்றேன். “ஆர்டர் தலைக்கு மேல நிக்குதுங்க. பரிட்சை வைக்க மெஷினை நிறுத்த முடியாது” என்றார். என் கணவரைப் பார்த்தேன். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒன்றுமில்லை, பனிமூட்டம்தான்.

அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன்? “சரிங்க சார்” என்றேன். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு “சரிங்க சார்.”

7 செப்டம்பர், திங்கள்

வீரம்மாவை நிறுத்திவிட்டார்கள். தீபாவளிக்கு முன்னால் முதலாளி வந்து விசாரிப்பாராம். அதுவரை வாசலுக்கு உள்ளே வரக்கூடாதாம்.

பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன். கவலைப்படாதே, விசாரணையில் நான் பேசுகிறேன் என்றேன்.

“என்னான்னு பேசுவீங்க மேடம்?”

எப்போதும் அக்கா என்பாள். இன்று மேடம்.

“நான் மெல்லிசாத்தான் வச்சேன், தெரியாம வச்சிட்டேன், மன்னிச்சிருங்கன்னா? அப்புடிப் பேசுறதா இருந்தா பேசாமலே இருங்க. அத நானே பேசியிருப்பேன், என்னால ஏலாதுன்னுதான் பேசாம போறேன்.”

பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள்.

8 செப்டம்பர்

அவளுடைய நாற்காலியில் இருளாயியை உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை, நின்றுகொண்டே லென்ஸில் பார்த்தாள். மாலை வரை.

20 செப்டம்பர், ஞாயிறு

சந்தையில் வீரம்மாவைப் பார்த்தேன். பூண்டி வியாபாரி ஒருவருக்குப் பூண்டு மூட்டை சுமந்துகொண்டிருந்தாள். முதுகில் மூட்டையோடு நின்று என்னைப் பார்த்தாள். நான் கையில் அரைக் கிலோ பீன்ஸோடு நின்றேன். எதற்காக வந்தோம் என்றே மறந்துவிட்டது.

மூட்டையை இறக்கிவிட்டு வந்தாள். மூச்சு வாங்கியது.

“அங்கன, கடலுக்கு அந்தப் பக்கம், தேயிலத் தோட்டத்துல கங்காணி பேரு வெட்டுவான் மேடம். கொழுந்துல முத்தல் கலந்திருக்கு, பேரு வெட்டு, இன்னைக்குக் கூலி இல்லேன்னுவான். எங்கம்மாவுக்கு வெட்டியிருக்கான். ஆனா கூடையக் கவுத்துப் போட்டு, இந்தா பாரு முத்தல்னு கண்ணு முன்னால காட்டிட்டு வெட்டுவான். இங்க எதக் காட்டி வெட்டுனாங்க? கப்பலேறி இவ்வளவு தூரம் வந்தது, காட்டாமலே வெட்டுறவங்ககிட்ட வந்து மாட்டவா?”

அவள் கணவன் சவுக்கு வெட்டப் போனவன், கால் முறிந்து லயத்து வரிசை வீட்டில் கிடக்கிறான். அதை அவள் சொல்லவில்லை. பக்கத்தில் பூண்டு கூறு போட்டுக்கொண்டிருந்த பெண் சொன்னாள். குடும்பத்துக்கு இவள் வேலை ஒன்றுதானாம். எனக்கு ஏன் இது இத்தனை நாளாகத் தெரியவில்லை?

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். “பாவம்தான்” என்றார். பேப்பரைப் புரட்டினார்.

30 செப்டம்பர், புதன்

இதைச் சரியாக எழுத வேண்டும். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

நாளையும் நாளை மறுநாளும் லீவு. அதனால் ஆயுத பூஜையை இன்று மத்தியானமே கம்பெனியில் வைத்துக்கொண்டோம். வாசலில் வாழைக்கன்று, அவல், பொரி, கடலை, பூசணிக்காய். சந்தனப் பொட்டு வைக்கும் வேலை இருளாயிக்கு. அவளுக்கு இது முதல் பூஜை, ஒன்றையும் விடவில்லை. லென்ஸ், நாற்காலி, டைப்ரைட்டர், வாட்ச்மேன் சைக்கிள், வாட்ச்மேன் நெற்றி. சந்தனம் போதாமல் போகவே தண்ணீர் விட்டு விட்டுக் கரைத்தாள். கடைசியில் அது சந்தனமே இல்லை, மஞ்சள் நிறத் தண்ணீர். அதைக்கொண்டு, கொக்குக்குப் பக்கத்தில் தயாராக இருந்த நல்ல ஷீட்டுகளுக்கும் பொட்டு வைத்திருக்கிறாள். எங்கே? ஒவ்வொரு போர்டுக்கும், மூலையில். ஏழு வாரம் அதே மூலையில் வைத்துப் பழகிய கை. தானாகப் போய் அங்கேயே வைத்துவிட்டது.

தீபாராதனை முடிந்தது. நாச்சிமுத்து பயபக்தியோடு சுவிட்சைப் போட்டார். சாமி கும்பிட்ட கையோடு ஒரு ஷீட் ஓட வேண்டும் என்பது வழக்கம். கொக்கு கழுத்தை நீட்டியது. ஒரு மூலை. இரண்டாவது மூலை. ஆறு மூலையும் பார்த்தது. ஒன்றையும் கொத்தவில்லை. ஷீட்டை வெறுமையாக வெளியே தள்ளிவிட்டது. அடுத்த ஷீட். அதுவும் வெறுமை. அடுத்தது. அதுவும்.

“கொக்கு விரதம் போல!” என்று வாட்ச்மேன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

“ஏனுங்க ஞானவேல், நல்ல நாளும் அதுவுமா என்னாச்சு இதுக்கு?” நாச்சிமுத்துவுக்கு முகம் விழுந்துவிட்டது.

என் கணவர் குனிந்து ஷீட்டைப் பார்த்தார். சிரித்தார். “ஒண்ணுமில்ல சார். சந்தனம். அதைப் பொட்டுன்னு நெனச்சுத் தாண்டிருச்சு.”

சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றது. அவருடையது மட்டும். மற்றவர்கள் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்கள். இருளாயி தலையில் அடித்துக்கொண்டு சேலைத் தலைப்பால் ஷீட்டுகளைத் துடைக்க ஓடினாள். நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். காய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு மஞ்சள் தடம். அதையே கண்டுபிடித்துத் தாண்டுகிற கண், வீரம்மாவின் வெள்ளைப் பெயின்டைக் காணாதா?

நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் அந்தப் பொட்டுகள் மெஷினுக்கு வந்து சேரும்போது இல்லை. மேசையில் இருந்தது, மெஷினில் இல்லை. நடுவில் ஷீட்டுகள் எங்கே இருக்கின்றன? ஓர் இரவு முழுக்க மெஷின் ரூமில், பூட்டி. காலையில் யார் திறக்கிறார்?

இல்லை. இன்றைக்கு இதோடு நிறுத்துகிறேன்.

1 அக்டோபர், வியாழன்

காலையில் வீட்டில் பூஜை. கத்தரிக்கோல், அரிவாள்மனை, அவருடைய ஸ்க்ரூடிரைவர் பை எல்லாவற்றுக்கும் நானே சந்தனம் வைத்தேன். சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பொறுத்திருந்தேன்.

“மெஷினை எதால துடைப்பீங்க?”

“ஸ்பிரிட்டாலதான். ஏன்?”

“தின்னர் ஊத்தித் துடைச்சா?”

“ஐயையோ, ரப்பர் வாசரெல்லாம் உருகிப் போயிருமே…”

ரேடியோவில் நாகசுரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்துபோய் நிறுத்தினேன்.

“உங்க சட்டையில ரெண்டு மாசமா தின்னர் நாறுது.”

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கொஞ்சம் கத்தியிருக்கலாம். சின்னப் பையனைப் போலத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நாச்சிமுத்துதான் சொன்னாராம். ஷீட்டுக்கு இரண்டு மூன்று பொட்டு விழுந்தால் கணக்கு உதைக்கிறது. மச்சினன் சரக்கு திரும்பிப் போனால் வீட்டில் அவருக்குச் சோறு கிடைக்காது. சும்மா மயிரிழை வெடிப்புதானே, துணியில் தின்னர் தொட்டு ஒரு துடை.

“எல்லாத்தையும் அழிக்கலை தமயந்தி. சின்ன வெடிப்பாப் பாத்துத்தான்…”

“கன்னிவாடியில ஒரு பிள்ளை நெஞ்சுல கைய வச்சு அமுக்கிக்கிட்டு அடி வாங்குச்சே, அது சின்ன வெடிப்பா?”

“எனக்கு நாப்பத்தெட்டு வயசு. இந்த வேலைய விட்டா யாரு சேத்துக்குவா? மறுபடியும் பழனி அடிவாரத்துல எங்கண்ணன் கடையில ஒக்காந்து பஞ்சாமிர்த டப்பா அடைக்கச் சொல்றியா?”

“அதுக்கு வீரம்மா?”

“அவளுக்கென்ன, எங்க போனாலும் கூலி வேலை கெடைக்கும். அவங்களுக்குப் பழக்கம்.”

2 அக்டோபர்

அவங்களுக்குப் பழக்கம். அவங்களுக்குப் பழக்கம். அவங்களுக்குப் பழக்கம்.

4 அக்டோபர், ஞாயிறு

சோறு போடுகிறேன். பேசுவதில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். பொட்டை அழித்ததற்காகக்கூட இத்தனை கோபம் இல்லை. பயந்த மனுஷன், மேலே இருப்பவன் சொன்னான், செய்தார் – அதையாவது புரிந்துகொள்ளப் பார்க்கலாம். ஆனால் அந்த அறையில் வீரம்மா நிற்க, இவர் உட்கார்ந்துகொண்டு “மெல்லிசா வச்சிருக்கலாம்” என்றாரே! அதை யாரும் சொல்லச் சொல்லவில்லை. தானாக வந்தது. அவள் வைத்த பொட்டு எவ்வளவு கெட்டி என்று உலகத்தில் இவருக்கு மட்டும்தான் தெரியும். தேய்த்துத் தேய்த்துத் தோள் வலித்திருக்கும்.

அந்தச் சட்டைகளை நான்தானே துவைத்தேன். வாசனை என் மூக்கில்தானே ஏறியது. எரிகிறது.

11 அக்டோபர், ஞாயிறு

நாளை விசாரணை. காலையிலிருந்து என் பின்னாலேயே சுற்றுகிறார். காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. சர்க்கரை போடவில்லை.

“நமக்கு யாரு இருக்கா? நீயும் நானுந்தான. கொஞ்சம் யோசிச்சுப் பேசு.”

யோசித்தேன். அதுதான் பிரச்சினை.

12 அக்டோபர், திங்கள்

முதலாளி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. பக்கத்தில் நாச்சிமுத்து. வீரம்மா சந்தைக்குக் கட்டும் அதே சேலையில் வந்து நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான் என் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

பேசுவதற்கு முன்னால் மெஷின் ரூமுக்குப் போகலாம் என்று முதலாளியிடம் கேட்டேன். நாச்சிமுத்து வாயைத் திறந்தார். “பத்து நிமிஷம்தானே, வாங்க” என்று முதலாளியே எழுந்துவிட்டார். வீரம்மாவின் பெயின்ட் டப்பாவில் தின்னரை ஊற்றச் சொன்னேன். பால் தண்ணீராகும் வரை, மோர் நீர்மோராகும் வரை. அவள் அதைத் தொட்டு ஒரு ஷீட்டில் ஒரே ஒரு மூலையில் வைத்தாள். காய்ந்த பிறகு முதலாளி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, “எங்கம்மா வச்சே?” என்றார்.

கொக்கு பார்த்துவிட்டது. ஐந்தில் கொத்தியது, ஒன்றைத் தாண்டியது.

“அப்ப இந்தம்மா வச்ச பொட்டு எங்க போச்சு?” முதலாளி கேட்டார். “யாரு அழிச்சது?”

வீரம்மா என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

நான் சொன்னேன்: “இந்த ரூம் சாவி தினமும் காலையில என் வீட்டுல இருந்துதான் சார் வருது.”

என் குரல்தானா என்று இருந்தது. என் கணவர் தலை குனிந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, நாச்சிமுத்துவைப் பார்த்து, “சார், நீங்கதான…” என்றார். அது போதுமாக இருந்தது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். “இது வெளிய போக வேண்டாம். அடுத்த திங்கட்கிழமையில இருந்து நீ வேலைக்கு வாம்மா” என்றார். அவ்வளவுதான். தப்பு எங்கள் பேரில் என்று ஒரு வார்த்தை? இல்லை. வெளியே போயிருக்கும் அத்தனை கருவிகளையும் திரும்ப வாங்குவதாக ஒரு வார்த்தை? கேட்டேன். “படிப்படியாப் பார்க்கலாம்” என்றார்.

வாசலில் வீரம்மா என்னைத் தாண்டிப் போகும்போது சொன்னாள்: “அப்ப தின்னர் வாசம் உங்க வூட்டுலதான் அடிச்சுச்சா மேடம்?”

ஆமாம்.

15 அக்டோபர், வியாழன்

நாச்சிமுத்து இருந்த இடத்திலேயே இருக்கிறார். என் கணவருக்குக் கோயம்புத்தூர் கிளைக்கு மாற்றல். ஸ்டோர்ஸ் ஆபீசர். பதவி உயர்வு!

அழித்தவருக்கு உயர்வு. அழிக்கச் சொன்னவருக்கு அதே நாற்காலி. பொட்டு வைத்தவளுக்கு, போனால் போகிறது, நீயும் வா. தட்டை எடுத்துச் சுவரில் அடித்தேன். எவர்சில்வர். நெளியக்கூட இல்லை.

19 அக்டோபர், திங்கள்

வீரம்மா வந்தாள். தன் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். இருளாயி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அட லூசு, சந்தனம் கரைக்கத் தெரியாம கரைச்சு என்னையக் காப்பாத்திட்ட. இப்ப என்னா அழுவ? அடுத்த வருசம் கெட்டியாக் கரச்சிராத” என்றாள்.

மடியிலிருந்து ஒரு கோணி ஊசியை எடுத்து மேசையில் வைத்தாள். மூட்டை தைக்கும் ஊசி.

“இனிமே பொட்டு வச்ச கையோட நடுவுல ஒரு குத்து மேடம். பொட்ட அழிச்சிரலாம். ஓட்டைய எந்தத் தின்னர் அழிக்கும்?”

சரி என்றேன். மாலைக்குள் ஏழு பெண்களிடமும் ஊசி இருந்தது. நாச்சிமுத்து வந்து பார்த்தார். குத்துப்பட்ட போர்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டை வழியாக என் முகம் தெரிந்திருக்கும். போர்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இன்றும் மேடம்தான். அக்கா வரவில்லை. அவசரமில்லை. வரத்தான் வேண்டும் என்றும் இல்லை.

27 அக்டோபர், செவ்வாய்

கன்னிவாடி பஸ் கண்டக்டர் சொன்னார்: வள்ளி கையை எடுத்துவிட்டாளாம். ஆனாலும் வாத்தியார் பேச ஆரம்பித்தால் கை பழக்கத்தில் நெஞ்சுக்குப் போகிறதாம்.

மற்ற பிள்ளைகள்? அந்தக் கருவிகள் எந்தெந்த ஊரில், எந்தெந்தச் சட்டைப் பைக்குள்? அடுத்த முகாமுக்கு நானே திண்டுக்கல் போகிறேன் என்று நாச்சிமுத்துவிடம் சொன்னேன். அனுமதி கேட்கவில்லை. சொன்னேன்.

1 நவம்பர், ஞாயிறு

அவருடைய சட்டைகளைத் துவைத்து, காய வைத்து, மடித்தேன். இந்த மழையில் காய மூன்று நாள் ஆயிற்று. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை மட்டும்.

“போயிருச்சு பாத்தியா?” என்றார். முகத்தில் ஒரு நிம்மதி. ஒரு மாதமாகக் காணாத நிம்மதி.

கோயம்புத்தூரில் வீடு பார்த்துவிட்டாராம். இரண்டு அறை, முற்றத்தில் குழாய், தண்ணீருக்குக் கஷ்டமில்லை. “வெரசா நோட்டீஸ் குடுத்துட்டு வந்துரு. இந்தக் குளிரு உனக்கு ஆகாது. அங்க எல்லாம் மறந்துரும்” என்கிறார். உண்மையாகவே அப்படி நினைக்கிறார். கெட்ட மனுஷன் இல்லை. இதை எழுதும்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது, கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. கொதிக்கவில்லை. உறைந்து, கெட்டியாக, கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

பெரிய டிரங்குப் பெட்டியை அவரே அடுக்கியிருந்தார். அடியில் அவருடைய வேட்டிகள், மேலே என் சேலைகள், என் இரண்டு ஸ்வெட்டர், கல்யாணப் பட்டு. என் சாமான் முன்னால் போகட்டும், ஆள் பின்னால் வரட்டும் என்று கணக்கு. நாளை காலை முதல் பஸ்.

சாயங்காலம் டிக்கெட் விசாரிக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். பெட்டியைத் திறந்தேன். என் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தேன். பட்டையும் எடுத்தேன். காலியான இடத்தில் அவருடைய கம்பளியையும் பழைய ஜமுக்காளத்தையும் மடித்து வைத்துச் சரிக்கட்டினேன். தூக்கிப் பார்த்தேன். கனம் குறையவில்லை. பூட்டி, சாவியை அவருடைய சட்டைப் பையில் போட்டேன்.

அவர் பெட்டியைத் திறக்கும்போது நான் கம்பெனியில் என் மேசையில் இருப்பேன்.